வெக்டர் என்பது கடத்தி

லத்தீனில் ‘வெஹெரே’ என்றால் சுமந்து செல்லுதல். ‘வெக்டர்’ என்றால் சுமப்பவர். கணிதத்தில் இதைத் திசையன் என்கிறோம். அங்கே அளவோடு திசையும் சேர்வதால் அது பொருத்தம். கொசுவைக் குறிக்கும்போது நோய்ப்பரப்பி. மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் வைரஸையும் ‘வெக்டர்’ என்பர்; அதற்கு இவை இரண்டும் ஒவ்வா. அதிலும் ‘பரப்பி’ பொருளையே கெடுத்துவிடும். வைரஸ் பெருகத் தேவையான மரபணுக்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில்தான் நமக்கு வேண்டியதை வைக்கிறோம். உள்ளே நுழைந்து சரக்கை இறக்கியதும் அதன் வேலை முடிந்தது. ஆகவே ‘கடத்தி’யே சரி. மின்கடத்தியோடு குழம்பாமலிருக்க ‘மரபணுக் கடத்தி’ என்று முழுதாக எழுதலாம். இப்படி நுழைவதையும் ‘தொற்று’ என்பதைவிட ‘ஊடுகடத்தல்’ என்பதே துல்லியம்.

ஆனால் இறக்கிய சரக்கு செல்லில் தங்குமா என்பதை இந்தச் சொல் சொல்லாது. ஆய்வுக்காகத் தட்டில் வளர்க்கும் புற்றுநோய்ச் செல்களில் மரபணுவை ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். அவை ஓயாமல் பிரிபவை. அதனால், கடத்தியைத் தேரும்போது முதலில் கேட்க வேண்டியது சரக்கு தங்குமா என்பதைத்தான்.

லென்டிவைரஸ் (எச்.ஐ.வி. சேர்ந்த வைரஸ் வகை) மரபணுவைக் குரோமோசோமிலேயே பொருத்திவிடும். செல் எத்தனை முறை பிரிந்தாலும் அது கூடவே வரும். வாரக்கணக்கில் நீளும் சோதனைக்கு இதுவே முதல் தேர்வு. சுமார் 8,000 காரங்கள் (மரபணுவின் எழுத்துகள்) வரை சுமக்கும். நீளம் கூடக்கூட வைரஸ் விளைச்சல் குறையும். அடினோவைரஸ் பொருத்துவதில்லை. 1 முதல் 3 நாளில் புரதத்தை அள்ளித் தரும், பிறகு செல் பிரியப் பிரிய நீர்த்துப்போகும். அதன் நுழைவாயிலான ‘கார்’ ஏற்பி பல புற்றுநோய்ச் செல்களில் குறைவு; ஈடுகட்ட வைரஸைக் கூட்டி ஊற்றினால் செல்லே நச்சுப்பட்டுச் சாகும். ஏ.ஏ.வி. (அடினோ-சார் வைரஸ்) சுமப்பது ஏறத்தாழ 4,700 காரங்கள், மரபணுவை இயங்கவைக்கும் இயக்கப்பகுதியும் அதற்குள் அடங்க வேண்டும். உயிருள்ள விலங்கில் அது சிறந்தது, வளர்ப்புத் தட்டில் பல செல்வகைகளில் ஏமாற்றும்.

லென்டிவைரஸ் என்று முடிவானால், வைரஸைத் தொடுமுன் பியூரோமைசின் (மரபணு நுழையாத செல்களைக் கொன்று களைய உதவும் மருந்து) அளவைக் கண்டறியுங்கள். மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 10 மைக்ரோகிராம் வரை வைத்துப் பார்த்து, 2–3 நாளில் எல்லாச் செல்லையும் கொல்லும் மிகக் குறைந்த அளவை எடுக்க வேண்டும். வைரஸ் செல்லில் ஒட்ட உதவும் பாலிபிரீன் என்ற வேதிப்பொருளை மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம் சேர்த்தால் நுழைவு கூடும். சில செல்கள் அதையே தாங்காது என்பதால், வளர்ப்புத் தட்டில் பாலிபிரீன் மட்டும் இட்ட ஒரு குழி கட்டாயம் வேண்டும்.

வைரஸ் அளவு தப்புவதுதான் அதிகம் நடக்கும் பிழை. 100 செல்லுக்கு 30 வைரஸ் என்று வைத்தால் சுமார் 26 செல்களில் நுழையும், அவற்றில் 22 ஒரே பிரதியைப் பெறும். வைரஸைக் கூட்டினால் பல பிரதிகள் பல இடங்களில் செருகப்பட்டு, காண்பது மரபணுவின் விளைவா, செருகல் செல்லின் சொந்த மரபணுவைக் கெடுத்ததன் விளைவா என்று பிரித்தறிய முடியாது. இந்தக் கணக்கும் வைரஸ் செறிவை உங்கள் செல்லிலேயே அளந்திருந்தால்தான் செல்லும். எளிதில் இடங்கொடுக்கும் வேறு செல்லில் அளந்த எண் இங்கே உதவாது. உருக்கி மீண்டும் உறையவைத்த குப்பியிலும் செறிவு இறங்கிவிடும். ஒரு முறைக்கு வேண்டிய அளவாகத் தொடக்கத்திலேயே பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள்.