பல்பண்பாட்டியம்: சொல்லும் பொருளும்

'மல்டிகல்ச்சுரலிசம்' என்பதைத் தமிழில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ஈழத்தமிழர்கள் பல்கலாசாரம் என்பார்கள். தமிழ்நாட்டில் பன்முகப் பண்பாடு, பன்மைப் பண்பாடு என்றெல்லாம் வருகிறது. பன்முகப் பண்பாடு எனக்கு ஒப்பவில்லை. ஒரே பண்பாட்டுக்குப் பல முகங்கள் என்றல்லவா அதற்குப் பொருள்? இங்கே பேசப்படுவதோ பல பண்பாடுகள்.

பல பண்பாட்டு மக்கள் ஓரிடத்தில் சேர்ந்து வாழ்வது புதிதல்ல. 'மொழிபல பெருகிய பழிதீர் தேஎத்துப் புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்' ஊர் என்று காவிரிப்பூம்பட்டினத்தைப் பட்டினப்பாலை பாடுகிறது. இன்று நாம் சொல்லும் 'புலம்பெயர்ந்தோர்' அந்த வரியிலேயே இருக்கிறார்கள். ஆனால் அது ஒரு நிலை. மல்டிகல்ச்சுரலிசம் அதற்கு மேலே ஒரு கொள்கையையும் குறிக்கும். வந்தவர்கள் தங்கள் மொழியையும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டியதில்லை, அவற்றோடேயே சமமான குடிமக்களாக வாழலாம், அதற்கு அரசும் துணை நிற்கும் என்பதே அந்தக் கொள்கை.

இதை முதலில் அரசுக் கொள்கையாக அறிவித்த நாடு கனடா. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையிலான பிணக்கைத் தீர்க்க 1963இல் இருமொழி, இருபண்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. அந்த 'இரு' என்ற சொல்லே பலரைச் சுட்டது. மேற்கு மாகாணங்களின் புல்வெளிகளை உழுது விளைநிலமாக்கிய உக்ரேனியர்கள், அப்படியானால் நாங்கள் யார் என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவரான செனட்டர் பால் யூசிக் 1964இல் தம் முதல் உரையிலேயே இந்தக் கேள்வியை எழுப்பினார். நியாயமான கேள்வி. 1971 அக்டோபர் 8 அன்று பிரதமர் பியர் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார்: ஆட்சிமொழிகள் இரண்டு உண்டு, ஆனால் ஆட்சிப் பண்பாடு என்று எதுவும் கிடையாது. அப்புறம் 1982இல் உரிமைச் சாசனத்தின் 27ஆம் பிரிவிலும், 1988இல் தனிச் சட்டமாகவும் இது நிலைபெற்றது. பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பிரெஞ்சைப் பொதுமொழியாக நடுவில் வைத்து மற்றவர்கள் அதனோடு உறவாட வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதை இடைப்பண்பாட்டியம் எனலாம்.

சரி, சாதாரண ஆளுக்கு இதனால் என்ன கிடைத்தது? ஒண்டாரியோ மாகாணம் 1977இல் பிள்ளைகளின் வீட்டு மொழியைக் கற்பிக்க ஒரு திட்டம் தொடங்கியது. டொரண்டோவில் சனிக்கிழமை காலை அரசுப் பள்ளி வகுப்பறையில் உட்கார்ந்து ஒரு பிள்ளை 'ழ' எழுதிப் பழகுகிறதென்றால் அதற்கு வழிவிட்டது இந்தக் கொள்கைதான். அதே நகரத்தில் அந்தப் பிள்ளையின் அப்பா வேலை தேடிப் போகும்போது 'கனடிய அனுபவம் உண்டா?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பியதும் நடந்தது. ஊரில் பொறியாளராக இருந்தவர் இங்கே கிடங்கில் பெட்டி தூக்கினார். அப்படிக் கேட்பதே பாகுபாடாகலாம் என்று ஒண்டாரியோ மனித உரிமை ஆணையம் சொல்ல 2013 ஆகிவிட்டது. மொழிக்கும் விழாவுக்கும் இடம் கொடுத்த சமூகம் வேலையில் இடம் கொடுக்கத் தயங்கினால் கொள்கை பாதியில் நிற்கிறது என்றுதான் பொருள்.

இனி, சொல். 'கல்ச்சர்' என்பதன் இலத்தீன் வேர் உழுது பயிரிடுதலைக் குறிக்கும். நாமும் நிலத்தைப் பண்படுத்துகிறோம். 'பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்' என்ற கலித்தொகை அடி வேறு இருக்கிறது. அதனால் கலாசாரத்தைவிடப் பண்பாடே எனக்குப் பிடிக்கிறது. பல்பொருள் அங்காடிபோல் பல்பண்பாடு என்றால் நிலையைக் குறிக்கும். பெண்ணியம், மார்க்சியம்போல் பல்பண்பாட்டியம் என்றால் கொள்கையைக் குறிக்கும்.

இதோடு ஒட்டிவரும் 'இமிக்ரேஷன்' என்பதற்குச் சிங்கப்பூரில் குடிநுழைவு, இலங்கையில் குடிவரவு, தமிழ்நாட்டில் குடியேற்றம். ஈழத்தில் குடியேற்றம் என்றால் கிழக்கிலங்கையின் கல்லோயாபோல் அரசே சிங்களவர்களைக் கொண்டுவந்து அமர்த்திய திட்டங்கள்தான் முதலில் நினைவுக்கு வரும், அந்த வடு ஆறவில்லை. அதனால் ஒருவர் வேறொரு நாட்டிலிருந்து வாழ வருவதைக் குடிவரவு என்றே எழுதலாம். அவர் விட்டுவந்த நாட்டுக்கு அது குடியகல்வு.