எப்போது சொல்வது, எப்போது சும்மா இருப்பது?

"கொஞ்சம் எழுந்து நடக்கலாமே" என்கிறது மொபைல். நீங்களோ அப்போதுதான் நாலு மாடி ஏறிவந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். இப்படி மூன்று தடவை நடந்தால் போதும், நான்காவது தடவை நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுவீர்கள்.

உடல்நலச் செயலிகளுக்கு அறிவுரைப் பஞ்சம் கிடையாது. நேரம் பார்த்துச் சொல்லத்தான் தெரியாது. வழக்கமான மருத்துவ ஆய்வும் இதற்குக் கைகொடுக்காது. யாருக்கு என்று நாணயம் சுண்டிப் பாதிப் பேருக்குச் செயலியைக் கொடுத்து, மீதிப் பேரோடு ஒப்பிட்டால் மொத்தப் பயன் தெரியும். மாலை ஐந்து மணிக்கு வந்த அந்த ஒரு செய்தி ஆளை நகர்த்தியதா என்பது அதில் தெரியாது.

புள்ளியியலாளர் சூசன் மர்ஃபியும் கூட்டாளிகளும் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: ஆளுக்கு ஒருமுறை நாணயம் சுண்டாமல், தருணத்துக்கு ஒருமுறை சுண்டுவது. நடக்கத் தூண்டும் 'ஹார்ட்ஸ்டெப்ஸ்' செயலியை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில் 37 பேர், 42 நாள், நாளுக்கு 5 தருணங்கள். பெருக்கினால் 7,770. ஆட்கள் கொஞ்சம்தான், தகவல் மலையளவு. ஒவ்வொரு தருணத்திலும் செய்தி போக 60 சதவீத வாய்ப்பு, மீதிக்கு மௌனம். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் நாணயமே சுண்டப்படாது. அடுத்த 30 நிமிடத்தில் எத்தனை அடி நடந்தார் என்று எண்ணுவார்கள். செய்தி வந்த வேளையையும் வராத வேளையையும் ஒப்பிட, ஆள் தனக்குத்தானே அளவுகோல் ஆகிறார்.

முதல் நாட்களில் செய்திகளுக்கு நல்ல பலன். நான்காவது வாரம் வாக்கில் அது கண்ணுக்கே தெரியவில்லை. நடக்கச் சொன்னவை பலித்தன. எழுந்து கைகாலை அசைக்கச் சொன்னவற்றால் அடிக்கணக்கு கூடியதாகத் தெரியவில்லை. எழுந்து நின்று சோம்பல் முறிப்பதை அடிக்கணக்கு எங்கே பிடிக்கப்போகிறது!

அடுத்த கட்டம், செயலியே ஓடும்போது கற்றுக்கொள்வது. இதற்கு 1933-இல் தாம்சன் என்பவர் முன்வைத்த யோசனை உதவுகிறது: எது பலிக்கும் என்ற நம்பிக்கை எவ்வளவோ, அந்த அளவுக்கு அதைத் தேர்ந்தெடு. காலையில் செய்தி பலித்தால் காலைநேர நாணயம் செய்தியின் பக்கம் மெல்லச் சாயும். ஆனால் முழுக்கச் சாயவிடுவதில்லை. எப்போதும் செய்தியே போனால், மௌனமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு கணக்குப் போட முடியாதே.

சலிப்புக்கும் கணக்கு உண்டு. ஹார்ட்ஸ்டெப்ஸின் அடுத்த பதிப்பில், அண்மையில் எத்தனை செய்திகள் போயின என்பதை மருந்தின் அளவுபோல நிரல் குறித்துவைத்தது. இப்போது அனுப்பும் செய்தி நாளைய செய்தியின் வீரியத்தை எவ்வளவு குறைக்கும் என்பதையும் எடைபோட்டே அது முடிவெடுத்தது.