மயக்கத்தில் அளந்த இதயம்

மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ பிறவி இதயக் குறையுள்ள குழந்தையை மதுரைக்குச் சிகிச்சைக்கு அழைத்து வரும் பெற்றோர், விழித்திருந்தபோது எடுத்த எக்கோவும் (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) மயக்கத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ.யும் வேறு வேறு எண்களைச் சொன்னால், எதை நம்புவது என்று திகைப்பது இயல்பே. கருவிகளின் வேறுபாடு ஒரு காரணம். அதோடு, அந்த இரு வேளைகளிலும் இதயமே வெவ்வேறு விதமாக இயங்கியிருக்கக்கூடும்.

இதய எம்.ஆர்.ஐ.க்கு முக்கால் மணி நேரத்துக்கு மேலும் அசையாமல் படுத்திருக்க வேண்டியிருப்பதால், சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படுகிறது. புரோப்போஃபால், செவோஃப்ளூரேன் ஆகிய மயக்க மருந்துகள் ரத்தக் குழாய்களைத் தளர்த்தி ரத்த அழுத்தத்தைக் குறைக்கின்றன; இதயத் தசையின் விசையும் சற்றுக் குறைகிறது. கெட்டமைன் பொதுவாகத் துடிப்பையும் அழுத்தத்தையும் ஏற்றும். டெக்ஸ்மெடிடோமிடின் துடிப்பை மெதுவாக்கும்.

இதயத்தின் கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்பில் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்பதே 'இ.எஃப்.' எனப்படும் வெளியேற்ற விகிதம்; இதில் அது எளிதில் ஏமாற்றும். நிரம்பும்போது 50 மி.லி. கொள்ளும் கீழறை 30 மி.லி.யை வெளியேற்றினாலும், மயக்கத்தில் 40 மி.லி. மட்டுமே நிரம்பி 24 மி.லி.யை வெளியேற்றினாலும், விகிதம் அதே 60 சதவீதம்தான்; ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் உடலுக்குப் போகும் ரத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அறிக்கையில் அந்த ஒரு வரியை மட்டும் படித்து நிம்மதி கொள்வது அவசரம் என்பேன்.

இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெருங்குழாய் ஓரிடத்தில் குறுகியிருக்கும் மகாதமனிக் குறுக்கத்தில் விளைவு இன்னும் கூர்மையானது. குறுக்கத்துக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு 20 மி.மீ. பாதரச அளவை எட்டுகிறதா என்பது சிகிச்சை முடிவில் முக்கியமாகக் கருதப்படுகிறது. கண்மாய்க்கு வரும் கால்வாயில் நீர்வரத்து குறையும்போது, குறுகலான இடத்துக்கு மேலும் கீழும் உள்ள நீர்மட்ட வேறுபாடும் குறைகிறது; அதனால் குறுகல் அகன்றுவிட்டதென்று ஆகாது. மயக்கத்தில் ரத்த ஓட்டமும் அழுத்தமும் தணிவதால், விழித்திருக்கும்போது எல்லையைத் தாண்டியிருக்கக்கூடிய வேறுபாடு அதற்குக் கீழே நின்றுவிடலாம்.

மருந்தோடு மூச்சும் சேர்ந்துகொள்கிறது. வென்டிலேட்டர் எனும் செயற்கை மூச்சுக் கருவி காற்றைத் தள்ளும்போது மார்புக்குள் அழுத்தம் உயர்ந்து, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. உடலிலிருந்து திரும்பும் ரத்தம் கீழறை வழியாகச் செல்லாமல் நேரடியாக நுரையீரலுக்குப் போகும்படி செய்யும் ஃபொன்டான் அறுவை சிகிச்சை பெற்ற குழந்தைகளில் இந்தக் குறைவு பெரிதாகத் தெரியும். கூடுதல் ஆக்சிஜன் நுரையீரல் குழாய்களை விரிப்பதால், கீழறைச் சுவரில் ஓட்டை உள்ள குழந்தையின் நுரையீரலுக்குப் போகும் ரத்தம் வழக்கத்தைவிட மிகுந்து காணலாம். கரியமில வாயு தேங்கினால் நேர்மாறாகும்.

ஆகவே, எந்த மருந்து, துடிப்பு எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு, மூச்சு தானாகவா கருவியாலா என்பவை எண்களோடு சேர்த்தே எழுதப்பட வேண்டும். சில மாதக் கைக்குழந்தைக்கோ, வயிறு நிறையப் பாலூட்டித் துணியில் சுற்றித் தூங்கவைத்து, மயக்க மருந்தே இல்லாமல் எம்.ஆர்.ஐ. எடுக்கும் முறையும் உண்டு.