துளிக்குள் ஒரு பேட்டரி

செங்கோட்டையில் ஜூன் பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வந்துவிடும். குற்றாலத்துக்கு அது சீசன். முற்றத்தில் அப்பாவின் பிரீமியர் பத்மினி காரைப் பிரித்துப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துவரும் எனக்கு அது துரு சீசன்.

எஞ்சின் 1089 சிசி. தேய்ந்த பாகத்தை மாற்றினால் ஓடிவிடும். கவலையெல்லாம் பாடியைப் பற்றித்தான். ஜீப்புக்கு இருப்பது போலப் பத்மினிக்குத் தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. தகரக் கூடே வண்டியின் எலும்பு. டிரைவர் சீட்டுக்கு முன்னால் கிடந்த கால்மிதியைத் தூக்கினேன். பெயிண்ட் அப்பளமாக உப்பியிருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டியதும் பொலபொலவென்று உதிர்ந்து, ஓட்டை வழியே முற்றத்துத் தரை தெரிந்தது.

"மேலாக்க சொரண்டிட்டுப் பட்டி பாத்தா அடுத்த சாரலுக்குத் திரும்பப் பூத்துரும் தம்பி" என்றார் டிங்கர் வேலை பார்க்கும் அண்ணாச்சி. அவர் சொன்னது அத்தனையும் வேதியியல்.

இரும்புத் தகட்டின் மேல் ஒரு துளி தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். துளியின் ஓரத்தில் காற்று எளிதாகக் கலக்கும். அங்கே ஆக்சிஜன் அதிகம். நடுவில் குறைவு. இந்த வித்தியாசமே போதும், துளி ஒரு குட்டி பேட்டரியாகிவிடும். நடுவில் உள்ள இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டுத் தண்ணீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே ஓரத்துக்கு ஓடி, அங்குள்ள ஆக்சிஜனிடம் சேர்கின்றன. கரைந்த இரும்பு இடையில் ஆக்சிஜனைச் சந்தித்துத் துருவாகப் படிகிறது. அதனால்தான் துரு வளையமாக வெளியே தெரிய, குழி நடுவில் விழுகிறது. கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற விஞ்ஞானி 1920களில் இதை உப்புநீர்த் துளிகளை வைத்தே காட்டினார்.

கால்மிதிக்கு அடியிலும் இதே கதைதான். காற்றுப் படாத ஈர இடுக்கு துளியின் நடுவைப் போல நடந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாத இடம்தான் முதலில் அரிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். பெயிண்ட் உப்புவது அதனால்.

சரி, பேட்டரிதான் என்றால் மின்சாரத்தை எதிர்ப்பக்கமாக ஓட்டலாமே? சிறிய பாகங்களுக்கு அதைத்தான் செய்கிறேன். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சலவைச் சோடா. 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவ் முனை துருப்பிடித்த கதவுக் கீலுக்கு. பாசிட்டிவ் முனை காயலான் கடையில் வாங்கிய பழைய இரும்புத் தகட்டுக்கு. இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. சுவிட்சைப் போட்டதும் கீலைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பும். அது ஹைட்ரஜன். துருவின் ஒரு பகுதி கறுப்பு ஆக்சைடாக மாற, மீதியைக் குமிழிகள் நெகிழ்த்திவிடும். மறுநாள் பிரஷால் தேய்த்தால் கறுப்புச் சேறாக வழிந்து போகும்.

ஹைட்ரஜன் தீப்பற்றும், திறந்தவெளியில்தான் செய்யவேண்டும், பக்கத்தில் பீடி கூடாது. சோடாவுக்குப் பதில் உப்புப் போட்டால் குளோரின் வாயு வரும். எவர்சில்வரைப் பாசிட்டிவில் மாட்டினால் நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். கார்புரேட்டர் போன்ற அலுமினியக் கலவைப் பாகங்களைச் சோடா நீர் அரித்துவிடும். ஸ்பிரிங்குக்கும் இந்த முறை ஆகாது. ஹைட்ரஜன் புகுந்தால் நொறுங்கக்கூடும்.

போன இரும்பு இதனால் திரும்பாது. தரை ஓட்டைக்கு, அழுகிய தகட்டை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைப்பது ஒன்றே வழி. சுத்தமான இரும்பு சாரல் காற்றில் சீக்கிரமே மறுபடி பழுப்பேறும் என்பதால், கழுவி, வெயில் இல்லாத நாளில் ஹேர் டிரையரால் உலர்த்தி, கையோடு பிரைமர் அடித்துவிடுகிறேன்.

அப்புறம், கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் உண்டு. என் வண்டியில் அவை மண்ணும் சருகும் அடைத்துக் கிடந்தன. கதவுக்குள் எத்தனை வருடம் தண்ணீர் தேங்கியதோ. கம்பி விட்டுக் குத்தியெடுத்து, கண்ணாடி இடுக்கு வழியாக ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். கீழே நூலாக வடிந்தது.