கலாச்சாரத் திறன் என்றால் என்ன திறன்?

ஆஸ்திரேலியாவில் மருத்துவமனைகளும் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவை அமைப்புகளும் தமிழில் அச்சடித்துத் தரும் கையேடுகளில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ‘எங்கள் பணியாளர்கள் கலாச்சாரத் திறன் மிக்கவர்கள்.’ யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இதை வாசித்துவிட்டு, “அப்ப இவையள் ஆடுவினமோ, பாடுவினமோ?” என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. கலை, கலாச்சாரம், திறன் என்ற மூன்றையும் நாம் கோயில் திருவிழா மேடையிலும் பள்ளி ஆண்டு விழாவிலும்தான் சேர்த்துக் கேட்டிருக்கிறோம். அவருக்கு அப்படித் தோன்றியதில் பிழையே இல்லை.

மூலச் சொல் ‘கல்ச்சரல் காம்பிடென்ஸ்’. இதில் கல்ச்சர், நிலத்தைப் பண்படுத்துவதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. காம்பிடென்ஸின் லத்தீன் வேருக்கு ‘சேர்ந்து நாடுதல், ஒத்துப்போதல், பொருந்துதல்’ என்று பொருள். போட்டியைக் குறிக்கும் ‘காம்பெடிஷன்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். நல்லவேளை, ‘கலாச்சாரப் போட்டி’ என்று யாரும் அச்சடித்து நான் இன்னும் பார்க்கவில்லை. வேர் பற்றி இவ்வளவு போதும்.

சொல் எங்கே, எதற்காகப் புழக்கத்துக்கு வந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 1989-இல் அமெரிக்காவில், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் வழியாக டெர்ரி கிராஸும் அவருடன் சிலரும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கிராஸ் செனெகா என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர். மனநலச் சிக்கல் உள்ள சிறுபான்மை இனக் குழந்தைகளுக்குச் சேவை எப்படி அமைய வேண்டும் என்பது அறிக்கையின் பொருள். ஓர் அமைப்போ நிறுவனமோ தொழிலரோ, வேறு பண்பாட்டினரோடு பயனுள்ள வகையில் பணியாற்ற உதவும் நடத்தை, மனப்பாங்கு, கொள்கை எல்லாம் ஒன்றோடொன்று இசைந்து நிற்பதைத்தான் அது காம்பிடென்ஸ் என்றது. ஆறு படிகளையும் வகுத்தது. பிற பண்பாட்டை அழிப்பது அடிப்படி. அதற்கு மேலே மூன்றாவது படியாகப் ‘பண்பாட்டுக் குருட்டுத்தனம்’ வரும். எல்லாரும் எங்களுக்கு ஒன்றுதான், யாரிடமும் வேற்றுமை பார்ப்பதில்லை என்று பெருமையடித்துக்கொள்கிற நிலை அது. பல அமைப்புகள் இன்றும் இந்தப் பெருமையை வரவேற்பறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கின்றன.

இதை வைத்துப் பார்த்தால் ‘திறன்’ முதல் அடியிலேயே தடுக்கி விழுகிறது. தமிழில் திறன் என்பது பெரும்பாலும் ஓர் ஆளிடம் இருப்பது. எழுத்துத் திறன், பேச்சுத் திறன், நினைவுத் திறன். தாதிக்கு அது இருந்தால் போதும், நிறுவனத்துக்கு ஒரு வேலையும் இல்லை என்றாகிவிடும். ஆனால் உரைபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வதா வேண்டாமா, சந்திப்புக்கு அரை மணி நேரம் ஒதுக்குவதா ஒரு மணி நேரம் ஒதுக்குவதா, குளிப்பாட்டிவிடப் பெண் பணியாளரைக் கேட்டால் அட்டவணையில் அதற்கு இடம் இருக்கிறதா என்பதையெல்லாம் தாதியா தீர்மானிக்கிறார்? மேலே உட்கார்ந்திருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். ‘திறன்’ என்று எழுதியதும் பொறுப்பு முழுவதும் கீழே இருப்பவர் தலையில் வந்து விடிகிறது.

அடுத்த சிக்கல் இன்னும் கண்ணில் குத்துவது. தமிழ்நாட்டில் ‘ஊனமுற்றோர்’ என்பதை விட்டுவிட்டு ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லை 2010-இல் அரசே ஏற்றுக்கொண்டது. அந்தச் சொல் சரியா, உண்மையை மெழுகிப் பூசுகிறதா என்பது தனி வழக்கு. ஆனால் இந்தத் துறையில் ‘திறன்’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை கொடுத்தாகிவிட்டது. இப்போது ‘மாற்றுத்திறனாளிகளுக்கான கலாச்சாரத் திறன் மிக்க திறன் மேம்பாட்டுச் சேவை’ என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்? மூன்று திறனும் மூன்று வேறு பொருள்.

சரி, ‘தகுதி’ என்று போடலாமே என்கிறார்கள். அது இதைவிட மோசம். என்டிஐஎஸ் என்று எல்லாரும் சொல்கிற, மாற்றுத்திறனாளிகளுக்கான ஆஸ்திரேலியத் தேசியக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி வரும் எந்தத் தமிழ்த் தாளிலும் ‘தகுதி’ என்றால் திட்டத்தில் சேர உங்களுக்கு உரிமை உண்டா என்பதுதான். 65 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ வேண்டும் என்பது போன்றவை. அதே தாளின் அடுத்த பக்கத்தில் ‘பண்பாட்டுத் தகுதி’ என்று வந்தால், தன் பண்பாட்டைக் காட்டி ஏதாவது நிரூபிக்க வேண்டியிருக்குமோ என்று வாசிப்பவர் பயப்படுவார். ஏற்கெனவே அரசாங்கத் தாள் என்றாலே பயந்தவர்கள் பாதிப் பேர்.

இலங்கையில் படித்தவர்கள் ‘தேர்ச்சி’ என்பார்கள். அங்கே பாடத்திட்டத்தில் ‘தேர்ச்சி மட்டம்’ என்பது வழங்கிவரும் கலைச்சொல், பொருளும் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் மதுரைக்காரருக்குத் தேர்ச்சி என்றால் பாஸ். பண்பாட்டுத் தேர்ச்சி என்றதும் எத்தனை மதிப்பெண் என்று கேட்பார். ‘தகைமை’க்கும் இதே கதை, ஒரு கரையில் அது பட்டச் சான்றிதழ், மறுகரையில் கவிதைச் சொல். 2021 கணக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95 ஆயிரத்துக்கும் மேல். இரண்டு கரையாரும் அதில் உண்டு. கையேடு ஒன்றுதான் அச்சாகிறது என்பதால் இருவருக்கும் பொதுவான சொல்லைத் தேடியாக வேண்டும்.

முதல் பாதிக்கு வருகிறேன். ‘கலாச்சாரம்’ வடசொல் என்பதற்காக அதை ஒதுக்கச் சொல்லவில்லை. வடசொல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறியும் வேலைக்கு எனக்குப் பொறுமை கிடையாது. என் குறை வேறு. அதன் பின்பாதியில் ‘ஆசாரம்’ உட்கார்ந்திருக்கிறது. நடைமுறையிலும் அந்தச் சொல் பெரும்பாலும் கண்டிப்போடுதான் வருகிறது: கலாச்சாரச் சீரழிவு, கலாச்சாரக் காவலர். ‘உங்கள் கலாச்சாரத்தை மதிப்போம்’ என்று மருத்துவமனை சொன்னால், மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்கோ, மனநோய்க்கு மருந்து எடுப்பதைச் சொந்தக்காரர்களிடம் மறைக்கும் இளைஞனுக்கோ அது ஆறுதலாக இராது. ஊர் வாயிலிருந்து தப்பித்துத்தான் அவர்கள் அங்கே வந்திருப்பார்கள்.

‘பண்பாடு’ இந்தப் பொருளில் பழைய சொல் ஒன்றும் அல்ல. கல்ச்சருக்கு ஈடாக அதை நடமாட விட்டவர் ரசிகமணி டி.கே.சி. என்று சொல்வார்கள். ஆனால் அதற்குள் இருக்கும் இரண்டு சொல்லும் பழையவை. கலித்தொகையின் நெய்தற்கலிப் பாட்டு ஒன்றில் ‘பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகல்’ என்று வருகிறது. பிறருடைய இயல்பையும் உலக வழக்கையும் அறிந்து, அதற்கேற்ப நடந்துகொள்வது என்று பொருள் கொள்வார்கள். அறிதலும் ஒழுகலும் இரண்டும் வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தில் கருத்தரங்கு கருத்தரங்காக விவாதித்த விஷயம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, நாம் அகராதியில் காம்பிடென்ஸ் என்ற பதிவைத் திறந்து முதலில் கிடைத்த சொல்லை ஒட்டிவிட்டோம்.

என் பரிந்துரை ‘பண்பாடறிந்து நடத்தல்’. பெயர்ச்சொல்லாக நீளம் என்பார்கள். பெயர்ச்சொல்லாகவே எல்லாவற்றையும் கட்ட வேண்டும் என்பது ஆங்கிலத்தின் பழக்கம், தமிழுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ‘பண்பாடறிந்த பராமரிப்பு’, ‘பண்பாடறிந்து பணியாற்றுவோம்’, ‘பண்பாடறியாத விதிமுறை’ என்று எப்படியும் வளையும். நிறுவனத்துக்கும் பொருந்தும், ஆளுக்கும் பொருந்தும்.

‘அறிந்து’ என்பதில் ஓர் ஆபத்து இருப்பதையும் சொல்ல வேண்டும். தமிழர் என்றால் சைவச் சாப்பாடு, நெற்றியில் திருநீறு, முடிவெடுப்பவர் அப்பா என்று ஒரு பக்கக் குறிப்பை மனப்பாடம் செய்துவிட்டு அறிந்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் உண்டு. நண்டுக் குழம்புக்கு ஏங்கிக் கிடக்கும் கத்தோலிக்கப் பெரியவருக்கு மூன்று வேளையும் பருப்பும் சோறும் வரும். இந்த ஆபத்தைப் பார்த்துத்தான் 1998-இல் மெலனி டெர்வலான், ஜேன் மரே-கார்சியா என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், முழுதும் அறிந்துவிட்டதாக எண்ணாத பணிவு வேண்டும் என்று எழுதினார்கள். அவர்கள் சொன்ன ‘ஹியூமிலிட்டி’க்குப் ‘பண்பாட்டுப் பணிவு’ என்பது நன்றாகவே பொருந்துகிறது. அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை அடுத்ததில். ‘கல்ச்சரல் சேஃப்டி’ என்பது நியூசிலாந்தில் இரிஹபெட்டி ராம்ஸ்டென் என்ற மாவோரித் தாதி வளர்த்தெடுத்த கருத்து. 1992-இல் அந்நாட்டுத் தாதியர் மன்றம் அதைத் தாதியர் கல்வியில் சேர்த்தது. சேவை பாதுகாப்பானதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அதைப் பெறுபவர், தாதி அல்ல. கருத்தின் உயிரே இதுதான். ஆஸ்திரேலியாவில் இன்று அது முதன்மையாகப் பூர்வகுடியினரின் மருத்துவத்தைப் பற்றிப் பேசும்போது வருகிறது. அதைக் ‘கலாச்சாரப் பாதுகாப்பு’ என்று எழுதினால் என்ன ஆகிறது? கலாச்சாரத்தைப் பாதுகாப்பது என்றாகிறது! காக்கப்பட வேண்டிய மனிதர் காணாமல் போய், அவரது சேலையும் சடங்கும் காவலுக்குள் வந்துவிடுகின்றன. இதற்கு ஒற்றைச் சொல் தேடி மண்டையை உடைக்க வேண்டாம். ‘நீங்கள் யார் என்பதை மறைக்காமல், அவமானப்படுவோமோ என்ற அச்சமில்லாமல் இங்கே வரலாம்’ என்று ஒரு வாக்கியமாக எழுதினால் போதும்.

மொழிபெயர்ப்பாளர்கள் மட்டுமே குற்றவாளிகள் என்று சொல்ல மாட்டேன். மூல ஆங்கிலமே வாய்க்குள் நுழையாதது, அதையும் அவசரமாகக் கேட்பார்கள். அவர்களுக்குக் கீழே நிற்கும் குடும்பத்தின் நிலை இன்னும் பாவம். மனவளர்ச்சி குறைந்த முப்பது வயது மகனின் தாயிடம், என்டிஐஎஸ் திட்டம் போட வந்தவர் “உங்கள் மகனின் இலக்குகள் என்ன?” என்று கேட்கிறார். “அவன் நல்லா இருந்தாப் போதும்” என்கிறார் தாய். படிவத்தில் இலக்கு என்ற கட்டம் காலியாகப் போகிறது. ‘சுதந்திரமாக வாழ்தல்’ என்று இன்னொரு கட்டம். தாய்க்கு அது மகனை வீட்டை விட்டு அனுப்பச் சொல்வதாகக் கேட்கிறது. தானே சட்டை மாட்டிக்கொள்வதும், தனக்குப் பிடித்த சாப்பாட்டைத் தானே கேட்டு வாங்குவதும் அந்தக் கட்டத்துக்குள் வரும் என்று யாரும் விளக்குவதில்லை. பண்பாடறிந்து நடத்தல் என்பது இந்த இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். மூத்த மகளை உரைபெயர்க்க வைக்காமல், 131 450 என்ற உரைபெயர்ப்புச் சேவை எண்ணை அழைத்து ஆள் கேட்க வேண்டும். சிறுநீர் அடக்க முடியாததைப் பற்றி எந்தத் தாய் மகள் வாயிலாகப் பேசுவார்?

அப்புறம் அந்த ‘மொழியியல்’. பல மொழி, பல பண்பாட்டுப் பின்னணி கொண்டவர்களைக் குறிக்க ஆஸ்திரேலிய அரசுத் தாள்களில் ஒரு நீண்ட ஆங்கிலத் தொடர் உண்டு. அது தமிழில் ‘கலாச்சார மற்றும் மொழியியல் ரீதியாகப் பன்முகத்தன்மை கொண்ட சமூகங்கள்’ என்று வருகிறது. மொழியியல் என்பது ஒரு படிப்பு, பல்கலைக்கழகத்தில் துறையாக இருப்பது. தன் வீட்டில் தமிழ் பேசும் ஒருவர் அதனால் மொழியியல் ரீதியாக எதுவும் ஆகிவிடுவதில்லை. ‘பல மொழி பேசும், பல பண்பாட்டைச் சேர்ந்த மக்கள்’ என்று எழுதினால் இடமும் மிச்சம், அந்த ‘மற்றும்’, ‘ரீதியாக’ இரண்டும் ஒழியும். வேறு எதைத் திருத்தாவிட்டாலும் அடுத்த பதிப்பில் இந்த ஒன்றையாவது எடுத்துவிடுங்கள்.