அமைவுத் தெரிவு: சொல்லும் பெயரிடலும்

மூலநிரலிலிருந்து மென்பொருளைக் கட்டும்போது எந்தப் பகுதி உள்ளே வரவேண்டும், எது வேண்டாம் என்று குறிப்பதைப் பேச்சில் ‘கான்ஃபிக் ஆப்ஷன்’ என்கிறோம். இதற்குத் தமிழில் அமைவுத் தெரிவு என்பதே பொருந்தும்.

‘கான்ஃபிகர்’ இலத்தீன் வழி வந்தது. அதன் நடுவில் உள்ள ‘ஃபிகுரா’ உருவத்தைக் குறிக்கும். அதற்கும் வேரான ‘ஃபிங்கெரே’ களிமண்ணுக்கு உருக்கொடுப்பது, நம் ‘வனைதல்’. ‘ஆப்ஷன்’ தேர்ந்தெடுத்தலைக் குறிக்கும் ‘ஆப்டாரே’யின் வழி வந்தது. அந்தச் சொல்லுக்கு விரும்புதல் என்ற பொருளும் உண்டு, ஆனாலும் இங்கே ‘விருப்பம்’ பொருந்தாது. கட்டுபவருக்குப் பிடிக்காவிட்டாலும் சிலவற்றைத் தெரிவுசெய்தே ஆகவேண்டும். ‘கட்டமைப்பு’ வேறு பல பொருள்களைச் சுமக்கிறது, அதை விட்டுவிடலாம். இந்தத் தெரிவுகளை எழுதிவைக்கும் கோப்பு முழுவதும் அமைவடிவம், அதில் ஒவ்வொரு வரியும் அமைவுத் தெரிவு.

மெய்நிகர் இயந்திரத்தில், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியில், சோதனை நடத்துவோருக்குப் பெயர்தான் பெரிய தலைவலி. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில், மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் வசதிக்கான ‘கேவிஎம்’ என்ற தெரிவு புரவலன் பக்கத்துக்கு உரியது, அதாவது மெய்நிகர் இயந்திரத்தை ஓட்டும் கணினிக்கு. உள்ளே ஓடும் விருந்தினர் கெர்னலுக்கு ‘கேவிஎம்_கெஸ்ட்’. முதல் பெயரில் எந்தப் பக்கம் என்ற குறிப்பே இல்லாததால், விருந்தினர் கெர்னலில் அதைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர் பலர். ‘மேக் கேவிஎம்கான்ஃபிக்’ என்ற பழைய கட்டளைக்கும் இதே குறை: அது சேர்த்தது விருந்தினர் தெரிவுகளை. 5.10 பதிப்புக்குப் பிறகு அந்தக் குறுக்குவழி நீக்கப்பட்டது, ‘கேவிஎம்_கெஸ்ட்.கான்ஃபிக்’ என்ற முழுப் பெயரே இப்போது உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் ஏழு குறி கூடுதல், ஆனால் பக்கம் தெரிகிறது.

மதிப்பிலும் கவனம் வேண்டும். ஒய் என்றால் கெர்னலோடு சேர்ந்தது, எம் என்றால் தேவைப்படும்போது ஏற்றும் தனிக்கூறு (மாட்யூல்). மூலக் கோப்பமைப்பு (ரூட் ஃபைல்சிஸ்டம்) மெய்நிகர் இயந்திரத்துக்கான விர்டியோ வட்டில் இருந்து, அந்த வட்டைப் படிக்கும் ‘விர்டியோ_பிஎல்கே’வுக்கு எம் கொடுத்து, தொடக்கத்தில் நினைவகத்தில் ஏற்றப்படும் தற்காலிகக் கோப்பமைப்பான தொடக்க ராம்வட்டும் இல்லாவிட்டால், மூலக் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லை என்று கெர்னல் நின்றுவிடும். வட்டைப் படிக்கும் கூறு அந்த வட்டுக்குள்ளேயே கிடப்பதுதான் காரணம்.

சோதனைத் தெரிவுக்குக் கெர்னல் ஆவணமே விதி வகுத்திருக்கிறது. கெர்னலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதிக்கும் கேயூனிட் சோதனை என்றால் பெயரின் இறுதியில் ‘_கேயூனிட்_டெஸ்ட்’ வரவேண்டும், ‘கேயூனிட்’டைச் சார்ந்திருக்க வேண்டும், இயல்பு மதிப்பாகக் ‘கேயூனிட்_ஆல்_டெஸ்ட்ஸ்’ இருக்க வேண்டும். அப்போதுதான் சார்பு நிறைவேறிய எல்லாச் சோதனைகளையும் ஒரே தெரிவால் இயக்க முடியும். பெயரின் முன்பகுதி சோதிக்கப்படும் துணையமைப்பைச் சொல்லட்டும். வெறும் ‘டெஸ்ட்’ என்று முடித்தால், அது கேயூனிட் சோதனையா, தனிக்கூறாக ஏற்றி ஓட்டும் பழைய சோதனையா என்று பட்டியலைப் பார்ப்பவருக்குத் தெரியாது.

இருக்கும் அமைவுக் கோப்பை எடுத்து, விடுபட்டவற்றுக்கு இயல்பு மதிப்பைப் போடும் கட்டளை ‘மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக்’. பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் அது வழக்கமாக எச்சரிக்காது. அந்த வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். சார்பு நிறைவேறாத, அதாவது தனக்குத் தேவையான வேறு தெரிவு இல்லாத தெரிவுக்கும் இதே கதிதான். அதனால் கட்டளை முடிந்ததும், கேட்ட ஒவ்வொரு தெரிவும் இறுதிக் கோப்பில் இருக்கிறதா என்று சொல் தேடும் ‘கிரெப்’ கட்டளை கொண்டு பாருங்கள். கேயூனிட் கருவி இந்த ஒப்பீட்டைத் தானே செய்து, விடுபட்டவற்றைப் பெயரோடு காட்டி நின்றுவிடும்.