ஜெயில்ல அடிச்சா, வைத்தியம் பாக்கலன்னா அதிகாரிங்க மேல கேஸ் போட முடியுமா?

போடலாம், ரிமாண்ட் கைதியா (தீர்ப்பு வராம கோர்ட் உத்தரவுல உள்ள இருக்கறவரு) இருந்தாலும் சரி, தண்டனை கைதியா இருந்தாலும் சரி. உள்ள போயிட்டா அவ்ளோதான், எல்லா உரிமையும் போச்சுன்னு நம்ம தர்மபுரி பக்கம் நிறைய பேர் நினைக்கறாங்க, ஆனா அரசியலமைப்பு 21வது பிரிவு உயிருக்கும் மானத்துக்கும் குடுக்கற பாதுகாப்பு கைதிக்கும் உண்டு.

திகார் ஜெயில்ல தூக்கு தண்டனையில இருந்த சுனில் பத்ரா, இன்னொரு கைதிய ஹெட் வார்டர் சித்ரவதை பண்ணாருன்னு சுப்ரீம் கோர்ட் நீதிபதிக்கு ஒரு லெட்டர் எழுதினாரு, அந்த லெட்டரையே கோர்ட் மனுவா எடுத்துக்கிச்சு, 1979 டிசம்பர்ல தீர்ப்பும் வந்துச்சு. நஷ்ட ஈடும் உண்டு. பீகார்ல ருதுல் ஷான்னு ஒருத்தர், 1968லயே விடுதலை ஆகியும் 14 வருஷம் உள்ளயே வச்சிருந்தாங்க, 1983ல சுப்ரீம் கோர்ட், ஏற்கனவே குடுத்த 5,000 போக இன்னும் 30,000 ரூபா, மொத்தம் 35,000 குடுக்க சொல்லுச்சு. 14 வருஷத்துக்கு அது ஒரு காசான்னு கேட்டா கேள்வி நியாயம்தான், ஆனா அரசாங்கமே பணம் கட்டணும்ங்கற வழி அங்கதான் திறந்துச்சு.

வக்கீலுக்கு காசு இல்லன்னு விட்றாதீங்க. 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம் 12வது பிரிவுப்படி காவல்ல இருக்கற யாருக்கும் வக்கீல் இலவசம், வருமான சான்றிதழுக்கு தாலுகா ஆபீஸ்ல போய் நிக்க வேண்டியதில்ல. மாவட்ட கோர்ட்ல இருக்கற சட்ட உதவி ஆபீஸ்ல வீட்டுக்காரங்களே மனு குடுக்கலாம், இல்லன்னா 15100க்கு போன் பண்ணலாம். ரிட் மனு, அதாவது உரிமை மீறலுக்காக நேரா ஹைகோர்ட்ல போடற மனு, போடணும்னா தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டுக்கும் சென்னை ஹைகோர்ட்தான், மதுரை கிளை இல்ல. மாநில மனித உரிமை ஆணையத்துக்கு காசில்லாம புகார் அனுப்பலாம், ஆனா சம்பவம் நடந்து ஒரு வருஷம் தாண்டிட்டா அவங்க எடுக்க மாட்டாங்க.

நிறைய கேஸ் படுக்கறது ஆதாரத்துலதான். அரூர்ல இருந்து ஒரு அம்மா சேலம் சென்ட்ரல் ஜெயிலுக்கு பையன பாக்க போறாங்க, அவன் கை வீங்கியிருக்குன்னு வைங்க, அழுதுட்டு பஸ் ஏறிட்டா அந்த வீக்கம் பத்து நாள்ல வத்திடும், அப்புறம் யாரும் நம்ப மாட்டாங்க. அன்னிக்கே தேதி, நேரம், பையன் சொன்னது, யார் அடிச்சாங்கன்னு எழுதி வைங்க, அந்த வாரமே மனு குடுங்க, அதுல டாக்டர் பரிசோதனையும் கேமரா பதிவ அழிக்காம வைக்கணும்னும் கேளுங்க, மனுவுக்கு ரசீது வாங்குங்க. ரிமாண்ட் எக்ஸ்டென்ஷனுக்கு, அதாவது காவல நீட்டிக்க, மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தறப்ப, வீடியோவுல காட்டினாலும் சரி, அடிச்சாங்கன்னு பையன் வாய தொறந்து சொல்லணும், ஜிஎச்சுக்கு கூட்டிட்டு போனா ஏஆர் காப்பில, அதாவது ஆஸ்பத்திரில காயத்த எழுதற பதிவுல, காயம் ஏறணும்.

புகார் குடுத்தா உள்ள இன்னும் அடிப்பாங்களோன்னு பயம் வரத்தான் செய்யும், அதனால வேற ஜெயிலுக்கு மாத்தணும்னு அதே மனுவுலயே கேட்டுடுங்க. இதுல ஜெயிச்சா வைத்தியம், நஷ்ட ஈடு, அதிகாரி மேல நடவடிக்கை கிடைக்கலாம். ஜாமீன் கிடைக்காது, அதுக்கு தனி மனு.